கொத்தனாரை மைக்காடு (சித்தாள்) என்று எழுதி, பிஎஃப்பும் கட்டவில்லை என்றால்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பள்ளிக் கட்டட வேலை பார்த்த கொத்தனாருக்கு இந்த நிலைமை. கேட்டால், ‘அரசு பில் பாஸாகவில்லை’ என்கிறார் ஒப்பந்தக்காரர். பிஎஃப் கட்டாததற்கு அது சாக்கே ஆகாது. உங்களிடம் பிடித்த 12 சதவீதத்தையும் தன் பங்கையும் அடுத்த மாதம் 15-க்குள் ஒப்பந்தக்காரர் கட்டியிருக்க வேண்டும். அவர் கைவிரித்தால், வேலை கொடுத்த துறைக்கே பொறுப்பு உண்டு.

அந்தப் பள்ளிக் கட்டடத்தில் கரண்டி பிடித்துச் சுவர் கட்டிய உங்களைப் பதிவேட்டில் மைக்காடு என்று எழுதியது கைத்தவறாக எனக்குத் தெரியவில்லை. கூலி வித்தியாசம் யார் பைக்குப் போகிறது?

1. உமங் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, விட்டுப்போன மாதங்களைக் குறியுங்கள்.
2. அப்புறம் பிஎஃப் அலுவலகத்துக்கு ஒரு புகார். கூலிக்குத் தனியாகத் தொழிலாளர் அலுவலகத்தில். இரண்டின் நகலும் துறைப் பொறியாளருக்கு.

பிஎஃப்புக்குச் சம்பளச் சீட்டு போதும். கூலி வித்தியாசத்துக்கு அது போதாது: சுவர் கட்டும் போட்டோ, கூட வேலை பார்த்தவர் சாட்சி வேண்டும். கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டையைக் காட்டி ‘எல்லாம் கட்டியாச்சு’ என்பார்கள். அது வேறு, பிஎஃப் வேறு.