பெயர் வரும், பொறுங்கள்

அன்புள்ள ஐயா,
எனக்கு 63 வயது. தெரிந்தவர்களின் பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. போன் பார்த்தே மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் தீர்ந்துவிட்டது, ஒரு வாரம் போனைத் தொடாமல் 'டோபமைன் விரதம்' இருங்கள் என்கிறான் மகன். டோபமைனைக் கூட்ட மாத்திரை உண்டா? குறுக்கெழுத்து உதவுமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நானும் கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். குறுக்கெழுத்து பிடித்தால் போடுங்கள். விரதம் வேண்டாம், டோபமைன் செலவழித்தால் தீர்ந்துபோகிற பணமில்லை. ஆனால் மாத்திரையா? யாரோ சொன்னார்கள் என்று எதையும் வாங்கி விழுங்காதீர்கள். மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா, பார்க்கின்சன் நோய்க்குத் தரும் மருந்து. முன்மூளையில் டோபமைன் குறைந்தாலும் தொல்லை, மிஞ்சினாலும் தொல்லை. அப்புறம், பழகிய பாதையே குழம்ப ஆரம்பித்தால் நரம்பியல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

டோபமைனை இன்ப ரசாயனம் என்று சொல்லிச் சொல்லியே கெடுத்துவிட்டார்கள். வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளிடம் கண்டது வேறு. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின் விளக்குக்கே துடித்தன. சாறுக்குச் சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, அது வரவேண்டிய நொடியில் அடங்கிப்போயின. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவை சொல்கின்றன. அடுத்த முறை முயல்வதா என்பதை மூளை கற்பது இதை வைத்துத்தான்.

வயது ஏற ஏற, மூளையில் டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பத்தாண்டுக்குச் சுமார் 5 முதல் 10 சதவீதம் குறைகின்றன. யோசிக்கும் வேகமும், பலவற்றை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்துவதும் அதோடு தளர்கின்றன. சொல்வளமோ அறுபதுகளிலும் அநேகமாகக் குறைவதில்லை. சொல் உள்ளேதான் இருக்கிறது, எடுக்க நேரமாகிறது.

என் அம்மா ஒரு பெயரைத் தேடும்போது ஆள்காட்டி விரல் காற்றில் நிற்கும். உதடு முதல் எழுத்தைப் பிடித்திருக்கும். அதற்குள் வீட்டில் யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். விரல் இறங்கிவிடும், சொல்ல வந்த கதையும் அத்தோடு நின்றுவிடும். போகப்போக ஆரம்பிப்பதையே விட்டுவிட்டார். உதவி என்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் தேடியவருக்குக் கிடைக்க வேண்டியதை, கிடைக்கும் நொடியில் தட்டிப் பறிப்பது அது. தேடிப் பலனில்லை என்று கண்ட மனம் ஏன் மறுபடி தேடும்? வயதானவர்களின் வாக்கியத்தை முடித்துவைக்கும் அவசரக்காரர்களைக் கண்டால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

நீங்களும் "விடுப்பா, வரலை" என்று பாதியில் கைவிடாதீர்கள். மறுநாள் குளிக்கும்போது அந்தப் பெயர் வந்தால், கேட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லி முடியுங்கள்.