பிப்பைக் கெடுத்தது பணம்தானா? – கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சார்லஸ் டிக்கன்ஸ் 1860–61இல் வாரத்தொடராக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பற்றிக் கேளுங்கள். கொல்லன் ஜோவின் வீட்டில் வளரும் அநாதைப் பையன் பிப்புக்கு யாரோ ஒருவர் மறைவாகக் காசு கொடுக்கிறார். அவன் லண்டன் போய்க் கனவானாகிறான். அதுதான் கதை. நோட்ஸை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள்.

அம்பாசமுத்திரம்: காசு வந்ததும் பிப் கெட்டுப்போயிட்டான். இதானே சார் நாவலோட சாரம்?

இல்லை. எட்டாம், ஒன்பதாம் அத்தியாயங்களைப் பாருங்கள். பணக்காரி மிஸ் ஹாவிஷாம் வீட்டில் அவள் வளர்ப்பு மகள் எஸ்டெல்லா அவனோடு சீட்டு விளையாடுகிறாள். அவன் கை சொரசொரப்பு, பூட்ஸ் தடிமன் என்று ஏளனம் செய்கிறாள். வீடு திரும்பும் வழியெல்லாம் பிப்புக்கு அதே நினைப்புதான். வீட்டுக்கு வந்ததும் கூசாமல் பொய் அளக்கிறான்: அந்த அம்மா கறுப்பு வெல்வெட் கோச்சு வண்டியில் உட்கார்ந்திருந்தாளாம், வெள்ளிக் கூடையில் நாய்கள் கறி தின்றனவாம். அன்றைக்கு அவன் பையில் ஒரு பென்னி வரவு இல்லை. வக்கீல் ஜாகர்ஸ் பணச் சேதியோடு வருவது, ஜோவிடம் அவன் தொழில் பழகும் நாலாவது வருஷம்.

வெட்கம் முதலில் வந்தது, பணம் பிறகு வந்தது. பட்டறையையும் ஜோவையும் பார்த்துக் கூசியவனுக்குப் பணம் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இதையும் படியுங்கள்: 27ஆம் அத்தியாயம். ஜோ லண்டனுக்கு அவனைப் பார்க்க வருகிறார். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அடுப்புத் திட்டின் மூலையில் வைக்கிறார், அது விழுந்துகொண்டே இருக்கிறது. வளர்த்த பிள்ளையை நடுநடுவே 'சார்' என்கிறார். காசு கொடுத்து அவரை வரவிடாமல் தடுக்க முடியுமானால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே எழுதுகிறான். பணத்தால் என்ன வாங்கலாம் என்று அவன் கற்றுக்கொண்டது அதைத்தான்.

தென்காசி: மிஸ் ஹாவிஷாம்தானே காசு கொடுத்தது?

இல்லை. முழுசாகப் படியுங்கள்.

கோவில்பட்டி: செமஸ்டருக்கு இந்தத் தலைப்பில் பத்து மார்க் கட்டுரை கிடைக்குமா சார்?

கிடைக்காது தம்பி.

வள்ளியூர்: காசு கொடுத்தது, சின்ன வயசுல தான் சோறு கொடுத்து உதவுன கைதி மேக்விட்ச்னு தெரிஞ்சதும் பிப் முகம் சுளிக்கான். அது ஆஸ்திரேலியாவுல ஆடு வளத்து உழைச்ச காசு சார். எங்க அப்பா கல்ஃப்ல இருந்து அனுப்புன காசுலதான் நானும் படிச்சேன். ஆத்திரமா வருது.

ஆத்திரம் நியாயம். ஹாவிஷாம் குடும்பத்துச் சொத்து பீர் காய்ச்சிச் சேர்த்தது. ரொட்டி சுட்டால் கனவானாக முடியாது, பீர் காய்ச்சினால் தாராளமாக ஆகலாம் என்று பிப்பின் லண்டன் நண்பன் ஹெர்பர்ட் சொல்கிற இடத்தைப் பாருங்கள். நம்மூர்ப் பெரிய மனுஷர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் மேக்விட்சும் சும்மா கொடுக்கவில்லை. அங்கே குதிரையில் போகிறவர்கள் அவன் மேல் புழுதி இறைத்தார்கள். உங்களைவிடப் பெரிய கனவானை நான் உருவாக்கிக் காட்டுகிறேன் என்பது அவன் வீம்பு. பிப் அவனுக்குச் சொத்து. ஹாவிஷாம் எஸ்டெல்லாவை வளர்த்ததும் அப்படித்தான்.

வள்ளியூர்: அப்போ எங்க அப்பா என்னை விலைக்கு வாங்கிட்டாரா?

கோபப்படாதீர்கள். உங்கள் அப்பா பேர் சொல்லி அனுப்பினார். மேக்விட்ச் மறைந்திருந்தான். அதனால்தான் பிப் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் தப்பான வாசலில் நின்றான்.

அம்பாசமுத்திரம்: ராத்திரி வீட்டுக்குள்ள தண்டனைக் கைதி வந்து நின்னா யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். வள்ளியூர்க்காரர் ஓவரா பேசுறார்.

வள்ளியூர்: அண்ணாச்சி, பயம் வேற, அருவருப்பு வேற.

வள்ளியூர் சொல்வது சரி. பிப்பே அருவருப்பு என்றுதான் எழுதுகிறான். ஆனால் அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் மேக்விட்ச் பிடிபடுகிறான், அவன் சொத்து முழுவதையும் அரசு எடுத்துக்கொள்கிறது. சல்லிக்காசு வராது என்று தெரிந்தும் கோர்ட்டில் பிப் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பிறகு நகைக்கடைக் கடனுக்காகப் பிப்பைக் கைது செய்ய ஆள் வருகிறது: 123 பவுன், 15 ஷில்லிங், 6 பென்ஸ். கடனை அடைத்தது ஜோ. தொப்பி வைக்க இடம் தெரியாத அதே ஜோ.

சங்கரன்கோவில்: அப்போ முன்னேறணும்னு ஆசைப்படுறதே தப்பா?

ஹெர்பர்ட்டும் ஆசைப்பட்டான், கெடவில்லை. அவனுக்குத் தொழிலில் பங்கு வாங்கிக் கொடுக்கப் பிப் ரகசியமாகக் காசு போட்டான். வந்த பணத்தில் அவன் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

தென்காசி: சார், யூடியூப்ல சுருக்கம் பாத்தா போதுமா?

நோட்ஸ் பற்றிச் சொன்னதே இதற்கும்.

களக்காடு: பிப்பும் எஸ்டெல்லாவும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?

டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில் பிரிந்துவிடுகிறார்கள். நண்பர் புல்வர்-லிட்டன் சொன்னதால் மாற்றினார். மாற்றிய முடிவிலும் கல்யாணம் என்று எழுதவில்லை. கைகோத்துப் போகிறார்கள். மிச்சத்தை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.