மேடையை விட்டு வகுப்புக்குப் போன கார்சியா: கேள்வி பதில்

கேள்வி: மனுவேல் கார்சியா என்று இரண்டு பேர் இருக்கிறார்களே, இது யார்?

மகன். அப்பாவும் அதே பெயர்தான். 1816ல் ரோமில் இசையமைப்பாளர் ரோசினியின் 'செவில் நகரத்து நாவிதன்' ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம், முதல்முறை மேடையேறியபோது அல்மவீவா பிரபுவாகப் பாடிய டெனர் (உயர்ந்த ஆண் குரல்) அவர். நாம் பேசுவது 1805ல் பிறந்த பாரிட்டோன் (நடுத்தர ஆண் குரல்), பிறகு பாட்டு வாத்தியார் ஆனவர். பாடகிகள் மாலிப்ரானும் வியார்தோவும் இவருடைய தங்கைகள்.

கேள்வி: மேடையில் தோற்றதால்தானே வாத்தியார் ஆனார்?

பாதி சரி. 1825 நவம்பர் 29, நியூயார்க். அதே நாவிதன் ஓபரா. அப்பா பிரபு, 17 வயதுத் தங்கை மரியா (பின்னாளைய மாலிப்ரான்) நாயகி ரோசீனா, அம்மாவுக்கும் ஒரு வேடம். 20 வயதுப் பையன் தலையில் நாவிதன் ஃபிகரோ வேடம்! முற்றாத குரலை இப்படிப் போட்டு வதைத்தால் என்ன ஆகும்? சில வருடங்களில் சாரீரம் கெட்டது, மேடையை விட்டார். 1830ல் பிரெஞ்சுப் படையோடு அல்ஜியர்ஸ் போனார். திரும்பி வந்து ராணுவ மருத்துவமனைகளில் வேலை பார்த்தபடி குரல்வளையைப் படித்தார். தன் தொண்டை ஏன் கெட்டது என்று கேட்டவர்தான் பிறகு மற்றவர் தொண்டையைக் காப்பாற்றினார். பாடகராகத் தேறியிருந்தால் இன்று அவர் பெயரை யார் சொல்லப் போகிறார்கள்?

கேள்வி: குரல் கம்முகிறது, வெந்நீர் குடித்துக்கொண்டு சாதகம் செய்யலாமா?

செய்யாதீர்கள். வலியோடும் கம்மலோடும் பாடாதீர்கள். மூன்று வாரம் தாண்டியும் கம்மல் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

கேள்வி: சுவீடன் பாடகி ஜென்னி லிண்டின் குரலை அவர் மீட்ட கதை நிஜமா?

நிஜம். 1841ல் பாரிசுக்கு வந்தபோது அவளுக்கு 20 வயது. சுவீடன் மேடைகளில் பாடிப் பாடித் தேய்ந்த குரல். கார்சியா கேட்டுவிட்டு, ஆறு வாரம் பாடவே கூடாது, பேச்சையும் குறை என்று அனுப்பிவிட்டார். பாடம் அதற்குப் பிறகுதான்: ஸ்வர வரிசையை ஏற்றி இறக்கி, ஆமை வேகத்தில், கிட்டத்தட்ட பத்து மாதம். ஊரே கொண்டாடிய பாடகி அரிச்சுவடியிலிருந்து தொடங்கினாள். இன்று யாரிடமாவது ஆறு வாரம் வாயை மூடு என்று சொல்லிப் பாருங்கள், ஏழாம் நாள் வேறு வாத்தியார் தேடிவிடுவார்கள்.

கேள்வி: தொண்டைக்குள் பார்க்கும் கண்ணாடியைக் கண்டுபிடித்தது அவர்தானா?

1854ல் பாரிசில் ஆறு பிராங்க் கொடுத்து நீண்ட கைப்பிடி வைத்த பல் மருத்துவக் கண்ணாடி ஒன்றை வாங்கினார். வெந்நீரில் சுடவைத்து, துடைத்து, உள்நாக்கில் சாய்த்துவைத்து, கையிலிருந்த இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பினார். குரல்வளை அகலத் திறந்து தெரிந்தது, அதுவும் அவருடையதே. அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் கட்டுரை. லண்டன் மருத்துவர் பாபிங்டன் 1829லேயே ஒரு கருவி செய்தார் என்று யாராவது வருவீர்கள், தெரியும். பாடும்போது குரல் நாண்கள் என்ன செய்கின்றன என்று பார்த்துச் சொன்னது கார்சியா.

கேள்வி: குரல் நாண்களை மோதவைக்கும் 'கூ தெ க்ளாட்' முறையைப் பரப்பி ஆயிரம் பேர் தொண்டையைக் கெடுத்தவர் ஆயிற்றே?

வந்துவிட்டதா! பிரெஞ்சில் 'கூ' என்றால் அடி, அந்தச் சொல் செய்த வினை இது. 'ஹா' என்று சொல்லுங்கள், காற்று முதலில் கசிகிறது. இப்போது 'ஆ'. நாண்கள் மெல்லச் சேர்ந்து, திறந்து, ஒலி சுத்தமாகப் பிறக்கிறது. அவர் கேட்டது இந்த இரண்டாவதைத்தான். இருமல் மாதிரி நெஞ்சிலிருந்து இடிப்பதோடு இதைக் குழப்பாதே என்று அவரே எழுதியிருக்கிறார்.

அதே நபர் மீண்டும்: எழுதினார் சரி, சீடர்கள் இடித்தார்களே?

சிலர் இடித்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். பெயரை மாற்றியிருக்கலாம் என்பதுதான் என் குறையும். ஆனால் பாட்டு ஆசிரியை மார்க்கேசி அவர் சீடர், அந்த அம்மாவிடம் படித்தவர் புகழ்பெற்ற ஓபரா பாடகி மெல்பா. அந்தத் தொண்டையா கெட்டது?

மூன்றாம் முறை: மெல்பாவுக்கு இயற்கையிலேயே நல்ல குரல்.

ஆமாம், உருப்பட்டால் இயற்கை, கெட்டால் வாத்தியார். நல்ல கணக்கு. இதோடு விடுகிறேன்.

கேள்வி: குரல் கம்மல், வெந்நீர்...

மேலே பாருங்கள்.

கேள்வி: உச்சஸ்தாயி ஒரு மாதத்தில் வருமா?

வராது.

கேள்வி: எத்தனை வயது வரை சொல்லிக்கொடுத்தார்?

லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் 1848 முதல் 1895 வரை. விட்டபோது வயது 90. நூறாவது பிறந்தநாளுக்கு, 1905 மார்ச்சில், லண்டனில் விழா எடுத்தார்கள். பாடகர்களுக்குச் சமமாகத் தொண்டை மருத்துவர்களும் வந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 1ல் காலமானார்.

கேள்வி: கம்மலுக்கு...

கண்ணாடியை எடுத்து நீங்களே பாருங்கள், ஆறு பிராங்க்தான்.