ரிங்கோரம்: ஸ்பாரிங் லைட்டா, ஹார்டா?

தாராவி, செம்பூர், ஆண்டாப் ஹில், முலுண்ட்னு மும்பை தமிழ்க்காரங்க கிட்ட இருந்து வந்த கேள்வி முக்கால்வாசி இந்த தடவை ஸ்பாரிங் பத்தித்தான், அதாவது பாக்ஸிங் கிளாஸ்ல ஜோடி சேர்ந்து அடிச்சுப் பழகறது. அதனால டயட் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, வயசு 22, தாராவி 90 அடி ரோடு பக்கம் வீடு, கூரியர் வேலை. பாக்ஸிங் சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. சனிக்கிழமை ஆனா ஸ்பாரிங், பெல் அடிச்சதும் எல்லாரும் நிஜ பைட் மாதிரியே அடிக்கறாங்க. போன வாரம் என்னை விட பத்து கிலோ கூட இருக்கற ஒருத்தர் தலையில ஹூக் (பக்கவாட்டுல வீசற குத்து) போட்டாரு, விழல, ஆனா ரெண்டு நாள் தலைவலி, வண்டி ஓட்டும்போது வெயில் பட்டா கண்ணு கூசுச்சு. லைட்டா பண்ணலாமான்னு கேட்டா பசங்க சிரிக்கறாங்க, அடி வாங்கினாத்தான் பயம் போகும்ங்கறாங்க. நெஜமா?
– வாசகர், தாராவி

பதில்: தம்பி, முதல்ல தலைவலியை பேசுவோம், பாக்ஸிங் எங்கயும் ஓடிப்போகாது. தலையில அடி பட்டு ரெண்டு நாள் வலி, வெளிச்சம் பட்டா கண்ணு கூசுதுன்னா அது கன்கஷனா (அடியில மூளை அதிர்ந்து போறது) இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மயங்கி விழுந்தாத்தான் கன்கஷன்னு இல்ல, நின்னுக்கிட்டே வாங்கலாம். இந்த சனிக்கிழமை ரிங்குக்குள்ள போகாதீங்க, டாக்டரை பாருங்க, சயான் ஆஸ்பத்திரி உங்களுக்கு கூப்பிடு தூரம்தானே. ஸ்கேன் நார்மல்னு வந்தா உள்ள ரத்தக்கசிவு இல்லன்னுதான் அர்த்தம், கன்கஷன் இல்லன்னு அர்த்தம் இல்ல, இதை நிறைய பேர் தப்பா எடுத்துக்கறாங்க. வாந்தி திரும்பத் திரும்ப வருது, தலைவலி போகப் போக கூடுது, எழுப்பினா சரியா முழிக்கல, பேச்சு குழறுது, ஒரு பக்கம் கை கால் வலுவில்லாம போகுதுன்னா நாளைக்கு பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே டாக்ஸி பிடிங்க.

முன்னெல்லாம் இருட்டு ரூம்ல படுக்க வெச்சுடுவாங்க, இப்ப அப்படி சொல்றதில்ல. 2022ல ஆம்ஸ்டர்டாம்ல கூடின விளையாட்டு மருத்துவ நிபுணர்களோட வழிகாட்டுதல்படி முதல் ரெண்டு நாள் உடம்பை அலட்டிக்காம, போனை குறைச்சுக்கிட்டு, மெதுவா நடந்து, அப்புறம் ஷேடோ (ஆளில்லாம காத்துல குத்தறது), பேக் (தொங்கற மூட்டையை குத்தறது)னு ஒவ்வொரு படியா ஏறணும், ஒரு படிக்கு குறைஞ்சது 24 மணி நேரம், ஸ்பாரிங் கடைசி, அதுவும் டாக்டர் சரின்னு சொன்னப்புறம். அமெச்சூர் பாக்ஸிங்ல தலை அடியால பைட்டை நிறுத்தினா குறைஞ்சது 30 நாள் போட்டி கிடையாது, ஸ்பாரிங்கும் கிடையாது, மூணு மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவைன்னா 90 நாள். மெடலுக்கு ஆடறவனுக்கே இந்த ரூல், உங்களுக்கு என்ன அவசரம்? முதல் அடி ஆறாம ரெண்டாவது அடி விழுந்து மூளை வீங்கி உயிர் போன கேஸ் இருக்கு, அபூர்வம்தான், ஆனா வந்தது பெரும்பாலும் சின்ன வயசுக்காரங்களுக்குத்தான்.

சரி, இப்ப பயம். அடி வாங்கினா பயம் போகும்ங்கறது பாதி உண்மை, எந்த மாதிரி அடின்னு யாரும் சொல்றதில்ல. நாலு மாசப் பையன் ஹார்ட் ஸ்பாரிங்ல என்ன பண்றான்னு ரிங்கோரம் நின்னு பாருங்க. மூச்சை அடக்கிக்கறான், தாடை மேல தூக்கிக்குது, ரெண்டு கையையும் முன்னால நீட்டிக்கிட்டு கண்ணை இறுக்கி மூடி மூஞ்சியை ஒரு பக்கமா திருப்பறான், சொல்லி வெச்ச மாதிரி அந்தப் பக்கம்தான் அடுத்த ஹூக் வருது. வர்ற குத்தை அவன் பாக்கவே இல்ல, பாக்காததை எப்படி கத்துப்பான்? மூணு ரவுண்டு அப்படி போனா கண்ணை மூடறதுதான் நல்லா பழகுது. தாதர் ஸ்டேஷன்ல சாயங்கால கூட்டத்துக்கு நடுவுல நிக்க வெச்சு ஊசியில நூல் கோக்கச் சொல்ற மாதிரிதான் இது.

லைட் ஸ்பாரிங்ல அதே பையன் மூஞ்சிக்கு ஜாப் (முன்கையால நேரா நீட்டற குத்து) வருது, பட்டாலும் ஒன்னும் ஆகலன்னு உடம்புக்கு தெரியுது, அடுத்த ஜாபுக்கு கண்ணு திறந்தே இருக்கு, அதுக்கப்புறம்தான் தட்டறது, சாயறது, திருப்பி அடிக்கறதெல்லாம் ஒவ்வொன்னா உள்ள போகும். பயம் போறது இப்படித்தான்.

ஆனா லைட்டுன்னு வாயால சொன்னா மட்டும் லைட் ஆகிடாது. கோச்சு "ஹல்கே மே" (லைட்டா)ன்னு கத்துவாரு, முதல் நிமிஷம் ஹல்கேவாத்தான் இருக்கும், ஒருத்தன் குத்து கொஞ்சம் அழுத்தமா மூக்குல உக்காரும், இவன் அதுக்கு பதில் சொல்லுவான், அவன் இதுக்கு, மூணாவது நிமிஷம் சண்டை. 50 பர்சன்ட், 30 பர்சன்ட்னு சொல்றதுலயும் எனக்கு நம்பிக்கை இல்ல, 85 கிலோ ஆளோட 30 பர்சன்ட் உங்களுக்கு நூறு. அழுத்தம் எவ்வளவுன்னு முடிவு பண்ண வேண்டியது அந்த ரெண்டு பேர்ல யாரு சின்னவரோ, புதுசோ அவருதான், அவர் "கம் கர்" (குறைச்சுக்கோ)னு சொன்னா வாதம் பண்ணாம குறைக்கணும். தலைக்கு தொடற அளவு, உடம்புக்கு கொஞ்சம் கூட போகலாம். இன்னொன்னு வேகம்: புதுசா வர்றவங்களால வேகமாவும் லைட்டாவும் சேத்து அடிக்க வராது, வேகம் ஏறினா தானா பலமும் ஏறிடும், அதனால ஆரம்பத்துல வேகத்தையும் குறைங்க.

ரவுண்டையும் பிரிச்சு பண்ணுங்க. ஒரு ரவுண்டு ரெண்டு பேரும் ஜாப் மட்டும். அடுத்த ரவுண்டு ஒருத்தர் அடிக்க இன்னொருத்தர் தடுக்க மட்டும், அப்புறம் மாத்திக்கோங்க. இன்னொரு நாள் உடம்பு மட்டும், தலையே வேணாம். இதையெல்லாம் சில மாசம் பண்ணினா போதும், சிரிச்ச பசங்களோட நின்னாலும் உங்க கண்ணு மூடாது. ரொம்ப ஆபத்தான ஜோடி எது தெரியுமா, ரெண்டு புதுப் பசங்க. பழைய பாக்ஸர் பெரிய ஆளா இருந்தாலும் கையை எங்க நிறுத்தணும்னு தெரியும், புதுசுக்கு தெரியாது, பயத்துல முழு பலத்தையும் போட்டுருவான்.

லைட்லயும் ஒரு கோளாறு இருக்கு, அதையும் சொல்லணும். வருஷக்கணக்கா தொட்டுத் தொட்டே விளையாடினா நிஜத்துல ஆளையே சாச்சிருக்க வேண்டிய குத்தை கண்டுக்காம உள்ள நின்னு பத்து குத்து போடற பழக்கம் வந்துடும், கை இறங்கிடும். அதனால போட்டிக்கு பேர் கொடுத்தவங்களுக்கு கொஞ்சம் அழுத்தமான ரவுண்டு தேவைதான், மறுக்கல. ஒரே எடை, ஒரே அனுபவம், கோச்சு கண்ணு எடுக்காம பாக்கணும், ரவுண்டு எண்ணி வெச்சுக்கணும், பைட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே நிறுத்திடணும். உங்களுக்கு பைட்டே முடிவாகல, அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை எதுக்கு? கோச்சுகிட்ட தனியா பேசிப் பாருங்க. அவர் எடை வித்தியாசத்தை கண்டுக்கல, ஸ்பாரிங் நேரத்துல போன் பாத்துக்கிட்டு இருக்காருன்னா வேற கிளாஸ் பாருங்க, மும்பைல கிளாஸுக்கா பஞ்சம்?

கேள்வி: என் மகளுக்கு 15 வயசு, மேரி கோம் மாதிரி வரணும்ங்கறா. ஹெட்கார்டு போட்டுத்தான் ஸ்பாரிங் பண்றாங்க, அப்ப தலைக்கு ஒன்னும் ஆகாதுல்ல? பசங்களோட பண்ண விடலாமா?
– ஒரு அம்மா, செம்பூர்

பதில்: ஹெட்கார்டு போடட்டும்மா, புருவம் கிழியாது, நெத்தி இடிச்சுக்காது. ஆனா கன்கஷனை அது தடுக்கும்னு நம்பாதீங்க. தாடையில ஹூக் பட்டா தலை சுத்திட்டு போகுது பாருங்க, மூளைக்கு ஆபத்தே அந்தச் சுழற்சிதான், மேல பஞ்சு சுத்தியிருந்தாலும் தலை சுத்தத்தான் செய்யும். ஒலிம்பிக்ல 1984ல வந்த ஹெட்கார்டு ஆம்பளைங்களுக்கு 2016 ரியோல இருந்து கிடையாது, பெண்களுக்கு மட்டும் தொடர்ந்துச்சு. ஹெட்கார்டு இருக்குங்கற தைரியத்துல ரெண்டு பக்கமும் கூட அடிக்கறாங்கங்கறதுதான் என் பெரிய கவலை. பல்செட் மாதிரி அளவெடுத்து செஞ்ச மவுத்கார்டு போடச் சொல்லுங்க, பல்லுக்கு நல்லது.

பசங்களோட பண்ணலாம், பையன் யாருங்கறதுதான் விஷயம். கட்டுப்பாடான சீனியர் பையன் ஒருத்தன், அவளை மாதிரியே நேத்து சேர்ந்த பொண்ணை விட பாதுகாப்பு. 15 வயசுல ஹார்ட் ஸ்பாரிங்கே வேணாம்னு நான் சொல்லுவேன், அந்த வயசு ஜூனியர் போட்டியிலயே ரவுண்டு ரெண்டு நிமிஷம்தான். வீட்டுக்கு வந்து தலைவலிக்குதுன்னு சொன்னா திட்டிடாதீங்க, திட்டினா அடுத்த தடவை மறைச்சுடுவா.

கேள்வி: எங்க அப்பா ராயபுரத்துல பாக்ஸிங் ஆடினவர். அந்தக் காலத்துல லைட் ஸ்பாரிங் ஏது? ரத்தம் வந்தாத்தான் ப்ராக்டிஸ். நீங்க பசங்களை பொத்திப் பொத்தி வளக்கறீங்க.
– வாசகர், ஆண்டாப் ஹில்

பதில்: ஐயா, வட சென்னை பாக்ஸிங்கோட பெருமையை குறைச்சு பேச எனக்கு தகுதி இல்ல. ஆனா ஒரு பழைய சங்கதி சொல்றேன். 1928ல அமெரிக்காவுல நியூ ஜெர்சி டாக்டர் ஹாரிசன் மார்ட்லண்ட், குடிக்காமலே குடிகாரன் மாதிரி தள்ளாடற பாக்ஸர்களை பத்தி மருத்துவ இதழ்ல எழுதினாரு. அதிகமா யாருக்கு வருதுன்னு பாத்தா, தடுக்காம வாங்கி வாங்கி அடிக்கற ரகத்துக்கும், அப்புறம் பெரிய பாக்ஸர்களுக்கு ப்ராக்டிஸுக்காக நிக்கற ஆளுங்களுக்கும். அதாவது பேர் வாங்கின பைட்டுல இல்ல, யாரும் டிக்கெட் வாங்கி பாக்காத ஜிம்லயே தினமும் வாங்கினவங்களுக்கு. அந்தக் காலத்துல நல்லா ஆடி பேர் வாங்கினவங்களைத்தான் நமக்கு ஞாபகம் இருக்கு, ரெண்டே மாசத்துல ஓடிப்போனவன் கதையை யாரு சொல்றா? அப்பாவுக்கு என் வணக்கம்.

கேள்வி: வயசு 38, ஐடி வேலை, பைட் பண்ற ஐடியா இல்ல. வெறும் லைட் ஸ்பாரிங் மட்டும் பண்ணினா நான் பாக்ஸராண்ணே?
– வாசகர், முலுண்ட்

பதில்: தாராளமா. எலைட் அமெச்சூர் போட்டியே 40 வயசோட முடிஞ்சுடும், உங்களுக்கு திங்கட்கிழமை மீட்டிங் இருக்கு. 16 அவுன்ஸ் கிளவுஸ் வாங்கிக்கோங்க, போட்டிக்கான 10, 12 அவுன்ஸை ஸ்பாரிங்குக்கு போடாதீங்க, பேக் அடிச்சு அடிச்சு பஞ்சு செத்துப்போன கிளவுஸையும் இன்னொருத்தர் மூஞ்சிக்கு கொண்டு போகாதீங்க.

கேள்வி: மழைக்காலத்துல கிளவுஸ் காயவே மாட்டேங்குது, ட்ரெயின்ல பையை திறந்தா பக்கத்து ஆள் எழுந்து போறாரு. என்ன பண்ண?
– வாசகர், சயான்

பதில்: பையிலயே விடறதுதான் தப்பு. வீட்டுக்கு வந்ததும் வெளிய எடுத்து உள்பக்கம் துணியால துடைச்சு, பழைய நியூஸ்பேப்பரை கசக்கி திணிச்சு ஃபேனுக்கு கீழ வைங்க, ஒரு மணி நேரம் கழிச்சு பேப்பரை மாத்துங்க. வாஷிங் மெஷின்ல போட்டுடாதீங்க, உள்ள பஞ்சு கட்டி கட்டியா ஆகிடும். கைக்கு சுத்தற ரேப்பை மட்டும் தினமும் துவைங்க, ரெண்டு செட் வெச்சுக்கோங்க, ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு செட் எப்படியும் கொடியில ஈரமாத்தான் தொங்கும். பார்ட்னருக்கு படர்தாமரை இருந்தா அது ஆறற வரைக்கும் ஸ்பாரிங் வேணாம், லைட்டா தொட்டாலும் ஒட்டிக்கும்.