வீட்டு வரியில் பஸ் ஓடுமா? டர்பன் வாசகர்களுக்குப் பதில்கள்

நகரசபை ஒன்றின் வரிக்கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சொத்து வரி, பஸ், மினிபஸ் டாக்சி (பலர் சேர்ந்து போகும் வேன்) பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

சாட்ஸ்வொர்த், ஓய்வுபெற்ற ஆசிரியை: வீட்டு வரியை எடுத்துப் பஸ்ஸுக்குச் செலவிட நகரசபைக்கு உரிமை உண்டா?

உண்டு அம்மா. சொத்து வரி விதிக்கும் அதிகாரத்தைத் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 229-ஆம் பிரிவு தருகிறது. நகரப் பொதுப் போக்குவரத்தும் உள்ளாட்சியின் பொறுப்பு என்று அதே சட்டத்தின் நான்காம் அட்டவணை சொல்கிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தேசிய அரசின் மானியம் பெரும்பாலும் பஸ்ஸுக்குத் தனித் தடம் போடவும் நிலையம் கட்டவும் வருகிறது. கட்டி முடித்த பிறகுதான் தினசரிச் செலவு தொடங்கும்: ஓட்டுநர் சம்பளம், டீசல், காவல், பழுதுபார்ப்பு. ஜோகன்னஸ்பர்க்கில் 2009-இல் ரேயா வாயா, கேப் டவுனில் 2011-இல் மைசிட்டி என்ற தனித்தட பஸ் சேவைகள் ஓடத் தொடங்கின. இரண்டிலும் டிக்கெட் பணம் செலவுக்குப் போதவில்லை. மிச்சத்தை ஊர்தான் சுமக்கிறது.

சுமக்கலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டுத் தேசியத் தரைப் போக்குவரத்துச் சட்டம் இதற்கென்றே நகரசபை நிதியம் ஒன்றுக்கு வழி செய்திருக்கிறது. பொதுக் கஜானாவில் கலந்துவிட்டால் எது பஸ்ஸுக்குப் போனது என்று யாராலும் காட்ட முடியாது.

ஃபீனிக்ஸ் வாசகர்: என் தலையில் எவ்வளவு விழும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் மதிப்பு 12,00,000 ராண்ட் என்று வையுங்கள். சட்டப்படி முதல் 15,000 ராண்டுக்கு வரி கிடையாது. நகரசபை அதற்கு மேலும் விலக்கலாம். மீதி 11,85,000. ராண்டுக்கு 1.2 சதம் என்றால் ஆண்டுக்கு 14,220 ராண்ட். அதில் நூற்றுக்கு நான்கு பங்கைப் பஸ்ஸுக்கு ஒதுக்கினால் ஏறத்தாழ 569 ராண்ட், மாதம் 47 ராண்ட் சொச்சம். மேலே சொன்ன சத விகிதம் (ராண்டுக்கு 1.2 சதம்) உதாரணத்துக்குத்தான். உங்கள் ரசீதில் இருப்பதை வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மெரிபேங்க் வாசகி: என் வீட்டு மதிப்பீட்டை ஏற்றிவிட்டார்கள். பஸ்ஸுக்காகவா?

இல்லை. பெருநகரங்கள் பொதுவாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் போடவேண்டும். ஊர் முழுக்க மதிப்பு ஏறினால் சத விகிதத்தைக் குறைக்க நகரசபையால் முடியும். ஆகவே மதிப்பீட்டை மட்டும் பார்த்து மிரளாதீர்கள், சத விகிதத்தைப் பாருங்கள். மதிப்பீடே தவறு என்றால் அறிவிப்பில் உள்ள கெடுவுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள்.

டொங்காட் வாசகர்: மதிப்பீடு ஏறியிருக்கிறது...

மெரிபேங்க் சகோதரிக்குச் சொன்னதே உங்களுக்கும்.

இசிபிங்கோ வாசகர்: என்னிடம் கார் இருக்கிறது. பஸ் ஏறி இருபது வருடமாகிறது. நான் ஏன் கட்ட வேண்டும்?

இதற்கு நான் பதில் எழுதுமுன் வெருலத்திலிருந்து ஒரு தம்பி எழுதிவிட்டார்: "என் அம்மா விடியற்காலை நாலரைக்கு டாக்சி பிடிக்கிறார். சம்பளத்தில் பாதி அதிலேயே போகிறது. பஸ்ஸுக்கு மானியம், ரயிலுக்கு மானியம், டாக்சியில் போகிறவருக்கு ஒரு சதமும் இல்லை. முதலில் அதைப் பேசுங்கள்." இசிபிங்கோ வாசகர் விடவில்லை: "கணக்கே காட்டாத தொழிலுக்கு என் வரியா?"

இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. இந்த நாட்டில் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களில் பெரும்பாலோர் மினிபஸ் டாக்சியில்தான் போகிறார்கள். பழைய வண்டியை ஒப்படைக்கும் உரிமையாளருக்கு அரசு ஒரு தொகை தரும். பயணிக்கு எதுவும் கிடையாது. ஏன் தர முடியவில்லை என்பதை வண்டிக்குள் உட்கார்ந்தாலே பார்க்கலாம். பின்வரிசைக் காசு கைமாறி முன்னே வரும். முன்னிருக்கையில் இருப்பவர் எண்ணிச் சில்லறையைப் பின்னுக்கு அனுப்புவார். டிக்கெட் இல்லை, பதிவும் இல்லை. எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் பொதுப் பணத்தைத் தரக் கூடாது. அதனால் மானியத்தை வண்டிக்காரரிடம் கொடுக்காமல் பயணியின் அட்டையில் ஏற்ற வேண்டும் என்பது என் கருத்து. அதற்கும் தனிக் கணக்கு வேண்டும்.

இசிபிங்கோ ஐயாவுக்கு இன்னொன்று. நம் ஜனங்கள் டவுனை விட்டு இவ்வளவு தூரத்தில் குடியிருப்பது நாமாகத் தேடிக்கொண்டதல்ல. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் டவுனை ஒட்டியிருந்த கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் குடும்பங்களைப் பெயர்த்து 1960-களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து வைத்தார்கள். உம்லாசிக்கும் க்வாமாஷுவுக்கும் அனுப்பப்பட்ட கறுப்பின மக்கள் கதையும் அதுதான். அந்தத் தூரத்துக்கான கூலியை இன்றுவரை வேலைக்குப் போகிறவர்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஊர் சேர்ந்து அதில் ஒரு பங்கை ஏற்பது நியாயம் என்று உறுதியாக நம்புகிறேன்.

பலன் பெறுகிறவர் கூடுதலாகக் கட்டட்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2004-ஆம் ஆண்டுச் சொத்து வரிச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் கூடுதல் வரி போட இடம் தருகிறது. கட்டப் போகிறவர்களில் பெரும்பான்மையினர் சம்மதிக்க வேண்டும், பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும். லண்டனில் கிராஸ்ரெயில் பாதைக்காக 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்களுக்குப் பவுண்டுக்கு 2 பென்ஸ் கூடுதல் வரி போட்டார்கள்.

ஸ்டேஞ்சர் வாசகி: வாடகை வீட்டுக்காரருக்குப் பாதிப்பு இல்லைதானே?

உண்டு. வாடகையில் சேர்ந்து வரும்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: கிராஸ்மூர் ரயிலை நகரசபை ஏன் சரிசெய்யவில்லை?

ரயில் தேசிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அவர்களிடம் கேளுங்கள்.

ஃபீனிக்ஸ், இன்னொருவர்: மதிப்பீடு...

மூன்றாவது முறை. மேலே இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள்.

அம்சிண்டோ வாசகர்: வீட்டுக்காரர் மட்டுமா? கம்பெனிகள் எதுவும் தர வேண்டாமா?

நல்ல கேள்வி. வணிகச் சொத்துக்குச் சத விகிதம் ஏற்கெனவே அதிகம். முன்பு கம்பெனிகளின் சம்பளத் தொகை, விற்பனை மீதும் ஒரு வட்டார வரி இருந்தது, 2006-இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு ஈடாக 2009 முதல் பெட்ரோல் வரியில் ஒரு பங்கு பெருநகரங்களுக்கு வருகிறது. பஸ்ஸுக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பிரான்ஸில் 1971 முதல் முதலாளிகளிடம் வாங்கும் வரி போக்குவரத்துக்கு மட்டுமே போகிறது. இங்கும் அப்படிக் கேட்க வேண்டும். பட்ஜெட் வரைவை மார்ச் 31-க்குள் சபையில் வைத்தாக வேண்டும், மே கடைசியில் நிறைவேற்றிவிடுவார்கள். இடையில் உள்ள இரண்டு மாதத்தில் எழுத்தில் கேளுங்கள்: பெட்ரோல் பங்கு எவ்வளவு வந்தது, அதில் போக்குவரத்துக்கு எவ்வளவு, எந்தக் கணக்கில்.