காஸ் லைன் வராத வீடு: ஹீட் பம்ப் எத்தனை போடலாம்?

கேள்வி: ஸ்காபரோவில் இருந்த டவுன்ஹவுஸை விற்றுவிட்டு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பீட்டர்பரோவுக்கு வெளியே பழைய வீடு ஒன்றுக்கு வந்தோம். தெருவில் காஸ் லைன் இல்லை. அறைக்கு அறை, சுவரோரம் கீழே பொருத்திய மின்சார பேஸ்போர்ட் ஹீட்டர்தான். மே, செப்டெம்பர் பில்களை அடிப்படையாக வைத்துக் கழித்துப் பார்த்தால், சூடேற்ற மட்டும் வருடத்துக்கு 12,000 யூனிட் போகிறது. எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 16 சதம் விழுகிறது. ஹீட் பம்ப் விற்பவர் மூன்று அறைகளுக்கு 15,000 டொலர், ஹாலுக்கு மட்டும் என்றால் 5,500 என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் லீட்டர் 85 சதத்துக்கு வாங்கும் புரொப்பேனைப் போடச் சொல்கிறார். வங்கியில் தேவைப்படும்போது எடுக்கும் கடன் (லைன் ஆஃப் கிரெடிட்) 6 சதவீத வட்டியில் இருக்கிறது. அதில் எடுத்து ஹீட் பம்ப் போடலாமா?

பதில்: ஹைட்ரோ பில்லை, அதாவது மின்சார பில்லை, இப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் குறைவு. பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

உங்கள் பேஸ்போர்ட் ஹீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடு, அதற்கு மேல் அதனால் முடியாது. கடையில் விற்கும் 1,500 வாட் ஹீட்டர், எண்ணெய் நிரப்பியதோ செராமிக்கோ, எல்லாமே இந்தக் கணக்குத்தான். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் மணிக்கு 24 சதம்.

ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே இழுத்துவருகிறது. இதமான நாளில் ஒரு யூனிட்டுக்கு மூன்றுக்கு மேலும் தரும். மைனஸ் 15இல் இரண்டுக்குப் பக்கமாக இறங்கிவிடும். உங்கள் ஊர்க் குளிருக்கு, சீசன் சராசரி 2.5 என்று அடக்கமாகவே வைக்கிறேன்.

ஹாலில் ஒன்று மட்டும் போட்டால் வீட்டுச் சூட்டில் 60 சதவீதத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று வைப்போம். 7,200 யூனிட் வேலை 2,880இல் முடிகிறது. வருடத்துக்கு சுமார் 690 டொலர் மிச்சம், எட்டு வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். மூன்றும் போட்டால் 90 சதவீதம், மிச்சம் சுமார் 1,035. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் 345 டொலருக்காக நீங்கள் இன்னும் 9,500 போடுகிறீர்கள். திரும்பிவர 27 வருடம் ஆகும். இந்த மெஷின்களின் ஆயுளோ 15 வருடம் போல. கடனில் எடுத்தால் 15,000க்கு முதல் வருட வட்டியே 900 டொலர், மிச்சத்தில் பெரும்பகுதி வட்டிக்கே சரி. 5,500க்கு வட்டி 330தான், முதலைக் கட்டவும் கையில் காசு நிற்கும். அதனால் ஹாலுக்கு ஒன்று போடுங்கள், படுக்கையறைகளில் பேஸ்போர்ட் இருக்கட்டும். மைனஸ் 25 இரவில் அது கைகொடுக்கும். வீட்டில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர் என்றால் ஹாலின் சூடு அங்கே போகாது. அவர் அறைத் தெர்மோஸ்டாட்டில் கைவைக்காதீர்கள்.

புரொப்பேன் ஒரு லீட்டரில் சுமார் 7 யூனிட் சூடு உண்டு, வீடு முழுவதற்கும் சூடான காற்றை அனுப்பும் நல்ல ஃபர்னஸில் 6.7 தேறும். யூனிட்டுக்கு 13 சதம் ஆகிறது. பேஸ்போர்டை விட மலிவு, ஹீட் பம்ப்பின் ஆறரைச் சதத்தோடு போட்டியிட முடியாது. அதோடு அந்தக் காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் டக்ட் குழாயே உங்கள் வீட்டில் இல்லையே! மின்சார ஃபர்னஸ் என்று யாராவது சொன்னாலும் இதே சிக்கல்தான். 20 கிலோவாட் என்றால் அது மட்டும் 83 ஆம்ப் இழுக்கும், பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் 100 ஆம்ப் மின்சாரப் பனல் மற்ற சாமான்களோடு சேர்த்து அதைத் தாங்காது.

இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவாக மின்சாரம் தரும் திட்டம் ஒன்று ஒன்டாரியோவில் இருக்கிறது. அவசரப்பட்டு மாறாதீர்கள். வேலைநாட்களில் மாலை 4 முதல் 9 வரை அதில் விலை உச்சம், நீங்கள் வீட்டுக்கு வந்து சூட்டைக் கூட்டும் நேரமும் அதுதான்.

கையெழுத்துப் போடுமுன் மாகாண மானியத்தின் நிபந்தனைகளைப் படியுங்கள். மின்சாரத்தில் சூடேற்றும் வீட்டுக்கு காஸ் வீட்டை விடக் கூடுதலாகக் கிடைக்கும். நான் மானியத்தைச் சேர்க்காமலே கணக்குப் போட்டிருக்கிறேன். கூரைக்குக் கீழுள்ள அட்டிக்கில் ஏறி, சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் எத்தனை அங்குலம் என்றும் அளந்து பாருங்கள், மெல்லிசாக இருந்தால் முதல் காசு அங்கே போகட்டும். பிறகு விற்பவரிடம் ஒற்றை மெஷினுக்குப் புதிய கொட்டேஷன் கேளுங்கள். மைனஸ் 25இல் அது எத்தனை பிடியூ (சூட்டை அளக்கும் அலகு) தரும் என்பதை அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.