படுத்தால் புளித்த நீர் மேலேறுகிறது

கேள்வி: என் வயது 46. ஜவுளிக்கடை வேலை என்பதால் இரவு பத்தரை மணிக்கு மேல்தான் வீட்டில் சாப்பிட முடிகிறது. படுத்த சிறிது நேரத்தில் நெஞ்சு எரிந்து, புளித்த நீர் தொண்டை வரை வருகிறது. எரியும்போது பான்டோப்ரசோல் மாத்திரை போட்டு, ஒரு டம்ளர் பால் குடிக்கிறேன். காரம், புளி இரண்டையும் நிறுத்தியும் குறையவில்லை. என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் நிறுத்தியிருக்கும் காரத்தையும் புளியையும் விட, சாப்பிட்டவுடன் படுப்பதே உங்களுக்கு அதிகத் தொல்லை தருவதாகத் தோன்றுகிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் உள்ள தசை வளையம் தளரும்போது, நிறைந்த வயிற்றோடு படுத்திருப்பவருக்கு அமிலம் எளிதாக மேலேறிவிடுகிறது. எனவே, மாலை ஏழு மணியளவில் கடையிலேயே இட்லி, சப்பாத்தி போன்றவற்றை உண்டுவிட்டு, வீடு திரும்பியதும் மிகக் குறைவாகச் சாப்பிடுங்கள். முழுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். எண்ணெய் மிகுந்த பரோட்டாவும் பொரித்த இறைச்சியும் இரைப்பையை விட்டு நகரத் தாமதமாகும் என்பதால், இரவில் அவை வேண்டாம். காரத்தைப் பொறுத்தவரை, உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விட்டால் போதும்.

மாத்திரையையும் நேரம் தவறியே போடுகிறீர்கள். பான்டோப்ரசோல், ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தை முறிக்கும் மருந்தன்று; சுரப்பைக் குறைப்பது. பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு எடுக்கவேண்டிய இதன் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகலாம். எத்தனை வாரம் தொடர்வது என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். பால் முதலில் இதமளித்தாலும், பின்னர் அமிலச் சுரப்பைத் தூண்டக்கூடும்.

தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறுதான் அழுந்தும். அதற்குப் பதிலாகக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள், இடப்பக்கம் திரும்பிப் படுங்கள். தொப்பையும் புகைப்பழக்கமும் இருந்தால், அவற்றைக் குறைக்காமல் மேற்சொன்னவை பாதிப் பலனே தரும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினோ, மூட்டுவலிக்கு வலிநிவாரணியோ எடுப்பவரானால், அதையும் மருத்துவரிடம் கூறுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம்.

விழுங்கும்போது உணவு தடைபட்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ எண்டோஸ்கோபி பரிசோதனை தேவைப்படும். மாடி ஏறும்போது நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், ‘வாயு’ என்று சோடா குடித்துக் காத்திராமல், உடனே மருத்துவமனைக்குச் சென்று ஈசிஜி எடுங்கள்.